கணுக்காலுக்குக் கீழே ஒரு மூட்டு

வீரமுனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குள் இறங்குகிறவர் வரம்பின் சரிவில் மிதித்தும் விழாமல் நடப்பதற்குக் கணுக்கால் மூட்டு மட்டும் போதாது. அது பாதத்தை மேலும் கீழும் அசைக்கும், அவ்வளவுதான். பாதத்தை உட்புறமும் வெளிப்புறமும் சாய்த்துக் கொடுப்பது அதற்கு நேர் கீழேயுள்ள மூட்டு. மேலே தாலஸ் எலும்பு, கீழே குதிக்கால் எலும்பு. இரண்டும் மூன்று இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. இந்தத் தொடும் பரப்புகளை முகப்புகள் என்போம்; பின்னால் இருக்கும் முகப்புத்தான் பெரியது, பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பதும் அதுவே. மூட்டு சுழலும் அச்சோ தரைமட்டத்திலிருந்து சராசரியாக 42 பாகை மேல்நோக்கியும், பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 16 பாகை உள்நோக்கியும் சரிந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும்.

தென்னையிலிருந்து விழுந்து குதிக்கால் அடிபட்டவரிடம், பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றைப் பார்த்துவிட்டு "எலும்பில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்தக் கோணலான அமைப்பே காரணம். கதிர் மூட்டின் இடைவெளி வழியே போனால்தான் இடைவெளி படத்தில் விழும். பக்கவாட்டுப் படம் பயனற்றதல்ல. குதிக்கால் எலும்பின் மேல்விளிம்பில் இரண்டு கோடுகள் கீறி அளக்கும் போலர் கோணம் வழக்கமாக 20 முதல் 40 பாகை. பின்முகப்பு முழுதாக அமிழ்ந்தால் அது குறையும், சிலவேளை பூச்சியத்துக்கும் கீழே போகும். ஆனால் முகப்பின் வெளிப்பாதி மட்டும் அமிழ்ந்து உட்பாதி இடம்பெயராமல் நின்றால், கோணம் சரியாகவே தெரியலாம். உண்மையான ஆபத்து அங்கேதான். அந்தக் கால் "சுளுக்கு" என்று எண்ணெய் பூசப்பட்டு, சமனிழந்த மூட்டோடு மறுபடி பாரம் சுமக்கத் தொடங்கும்.

இப்படி மறைந்திருக்கும் அமிழ்வைக் காண, 1949இல் புரோடேன் என்பவர் விவரித்த எக்ஸ்ரே முறை வழி காட்டுகிறது. கணுக்காலைச் செங்கோணத்தில் வைத்து, காலை 30 முதல் 45 பாகை வரை உட்புறம் திருப்பி, கதிர்க்குழாயைத் தலைப்பக்கமாக 40, 30, 20, 10 பாகை என்று சாய்த்துப் படமெடுக்க வேண்டும். முகப்பின் முன்பகுதி தொடங்கிப் பின்பகுதி வரை ஒவ்வொரு படத்திலும் ஒரு துண்டு வெளிப்படும். குதிக்காலின் அகலத்தைக் காண, பின்னாலிருந்து சாய்வாக எடுக்கும் படமும் தேவை.

சி.டி. ஸ்கேன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சிதறிய மூட்டைத் துல்லியமாகப் பார்க்க சி.டி.யே சிறந்தது, அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த இயந்திரம் எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. யாரை உடனே சி.டி.க்கு அனுப்ப வேண்டும் என்பதை முதலில் சொல்வது சாதாரண எக்ஸ்ரேதான். சத்திரசிகிச்சை மேசையில் முகப்பு சரியாகப் பொருந்தியதா என்று பார்க்கவும் இதே சாய்வுப் படங்கள் உதவுகின்றன. கூடுதல் கதிர்வீச்சைப் பற்றிய பயமும் பொருந்தாது: பாதப் படமொன்றின் அளவு, இயற்கையிலிருந்து ஒரு நாளில் நம்மேல் படுவதைவிடக் குறைவு. இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. உயரத்திலிருந்து குதிக்காலில் விழுந்தவரின் முதுகெலும்பும் முறிந்திருக்கலாம். கால்வலியில் அவர் அதைச் சொல்லாமல் இருந்தாலும் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக் கேட்க வேண்டும்.