விடைக்கோழியும் கடன் தவணையும்



நான் மளிகை மொத்த வியாபாரி. கோழிப்பண்ணைக்காரன் அல்ல. அப்படியிருக்க, கோழி எப்போது முட்டையிடும் என்பதைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. நம் கிராமப்புறக் கடைகளில் எத்தனையோ பேரேட்டுக் கணக்குகள் கோழியையும் கறவை மாட்டையும் நம்பித்தான் நிற்கின்றன. “கோழி முட்டை விட்டதும் தருகிறேன்” என்று சொல்லாத வாடிக்கையாளர் நம்மில் யாருக்கு இல்லை? அந்தச் சொல்லை எத்தனை நாள் நம்பலாம் என்பது வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு பிழை செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கனகம்மாசத்திரத்தில் என் கடையில் சரக்கு எடுத்து, பக்கத்துக் கிராமத்தில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. கணவர் இல்லை. வாரம் தவறாமல் பணம் கட்டுபவர். ஒரு மாசி மாதம் அவர் ஊருக்கு வேனில் கோழி விற்க வந்தவன், “இது வயன்டாட் என்கிற அமெரிக்க ஜாதி. நாலாம் மாதம் முட்டை நிச்சயம்” என்று சொல்லி, இரண்டு மாத வயதில் இருபது கோழிகளைத் தலையில் கட்டிவிட்டான். எனக்குக் கட்ட வேண்டிய பணம் கோழியில் போய்விட்டது. “சித்திரையில் முட்டை வந்துவிடும் அண்ணா, வாரா வாரம் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார். சரி என்றேன்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. முட்டை இல்லை, பாக்கி ஏறியது. ஆனியில் ஒரு நாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது, “ஏம்மா, உன் கோழி எப்போது முட்டையிடுவது, என் கணக்கு எப்போது தீருவது?” என்று கேட்டுவிட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். எடுத்து வைத்த சரக்கை அப்படியே விட்டுவிட்டு அந்த அம்மா போய்விட்டார். “முட்டையிடுகிற கோழிக்குத்தான் வலி தெரியும்” என்பார்கள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னதையும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எந்தக் கோழி எப்போது?

எல்லாக் கோழியும் ஒரே வயதில் முட்டையிடுவதில்லை. நாமக்கல் பண்ணைகளில் உள்ள வெள்ளை லெகார்ன் வழிவந்த கலப்பினக் கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். ஆண்டுக்கு 300-க்கு மேல் இடும். முட்டைக்காகவே பல தலைமுறையாகத் தெரிவு செய்த இனம் அது. நம் நாட்டுக்கோழிக்கு ஆறு முதல் ஏழு மாதம் பிடிக்கும். ஒரு ஈற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 50 முதல் 70 கிடைத்தால் பெரிது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை இறைச்சிக்கும் முட்டைக்கும் பொதுவான கனத்த இனங்கள். ரோட் ஐலண்ட் சிவப்பு அதில் ஒன்று. அதிலிருந்து தெரிவு செய்துதான் சென்னை நந்தனம் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் நந்தனம் கோழியை உருவாக்கினார்கள். வயன்டாட்டும் இந்த வகைதான். அமெரிக்காவில் உருவாகி, 1883-ல் அந்நாட்டின் இனப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்குள்ள பூர்வகுடி மக்களின் பெயரையே இதற்கு வைத்தார்கள். இறகில் ஓரம் கட்டியது போன்ற கோடு, உடம்போடு ஒட்டிய தட்டைக் கொண்டை, பழுப்பு முட்டை. பார்க்க அழகுதான். ஆனால் ஐந்து மாதத்துக்கு முன் முட்டையை எதிர்பார்க்க முடியாது. ஆறு, ஏழு மாதம் ஆவதும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடர்ந்த இறகும் சிறிய கொண்டையும் பனி கொட்டும் குளிருக்கு ஏற்றவை. நம் திருத்தணி வட்டாரமோ கோடையில் மாநிலத்திலேயே அதிக வெயில் பதிவாகும் இடங்களில் ஒன்று. கோழிக்கு வியர்ப்பது கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெயிலில் தீவனம் எடுக்காது, வளர்ச்சி தள்ளிப்போகும், முட்டை ஓடும் மெலியும். அந்த அம்மாவின் கோழிகளில் இரண்டு கத்திரி வெயிலிலேயே செத்துவிட்டன.

தீவனத்தில் நேர்ந்த தவறு

டாக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, “என்ன தீவனம் போடுகிறார்கள்?” என்பதுதான். தவிடும் நொய்யும், அதுவும் என் கடையில் எடுத்ததே! டாக்டர் சிரித்தார். “வயிறு நிறையும், முட்டை வராது. முட்டை என்பது புரதமும் சுண்ணாம்புச் சத்தும்தானே?” என்றார்.

முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதமும், மூன்றரை முதல் நான்கு சதவீதம் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். வீட்டில் வளர்ப்பவர் நொய், கம்பு, மக்காச்சோளத்தோடு கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சேர்க்கலாம். கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்தால் தேவையானதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். ஆனால் வளரும் குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீவனத்தைப் போடக் கூடாது. வயதுக்கு மீறிய சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடையில் தீவனம் விற்பவர்கள் கோழியின் வயதைக் கேட்டே மூட்டையைக் கொடுக்க வேண்டும்.

வெளிச்சமும் ஒரு காரணம். பண்ணைகளில் விளக்குப் போட்டு 16 மணி நேர வெளிச்சம் தருகிறார்கள். நம் ஊரில் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தாண்டாது. ஆகவே பண்ணைக் கணக்கை வீட்டுக் கோழிக்குப் போட்டுப் பார்ப்பது தவறு.

முட்டைக்கு வந்ததன் அடையாளம்

விடைக்கோழி முட்டைக்கு நெருங்கிவிட்டதைப் பார்த்தே சொல்லலாம். கொண்டையும் தாடியும் வெளுப்பு மாறி நல்ல சிவப்பாகும். கையைக் கொண்டுபோனால் ஓடாமல் பதுங்கி உட்காரும். மூலை முடுக்கு, கூடை என்று இடம் தேடிக் கொக்கரிக்கும். பின்புறத்தில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே, முன்பு ஒரு விரல் நுழைந்த இடத்தில் இரண்டு, மூன்று விரல் நுழையும். இவை இருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் முட்டை வந்துவிடும். வேனில் வரும் வியாபாரியின் வாக்கைவிட இந்த அடையாளங்களை நம்பலாம்.

முதல் முட்டைகள் சிறியவை. சில நாள் இரட்டைக் கரு வரும், சில நாள் தோல் முட்டை வரும். பயப்பட வேண்டாம். சில வாரங்களில் சரியாகிவிடும்.

வியாபாரிக்கான கணக்கு

கனத்த இனக் கோழி ஒன்று, முழுத் தீவனம் போட்டு வளர்த்தால், முதல் முட்டைக்கு முன் ஏறக்குறைய பத்துக் கிலோ தின்றுவிடும். பத்துக் கோழிக்கு ஐம்பது கிலோ மூட்டை இரண்டு. இந்தச் செலவைத் தாங்க வழியிருக்கிறதா என்று பார்த்துத்தான் கடன் தர வேண்டும். தவணையை முட்டை தொடங்கும் நாளிலிருந்து வைக்காமல், அதற்கு மேல் ஒன்றரை மாதம் தள்ளி வைப்பது நியாயம். புரட்டாசியிலும், ஐயப்பன் மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் முட்டை விற்பனை குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குஞ்சாக வாங்கினால் பாதி சேவலாக இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போடாத கோழியை நம்பிக் கடன் கொடுப்பது கிணற்றில் போட்டதற்குச் சமம்.

பழுப்பு நிறமாக இருப்பதாலேயே ஒரு முட்டை நாட்டு முட்டை ஆகிவிடாது. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. உள்ளே இருக்கும் சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாட்டு முட்டை என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்குகிறவர் வாடிக்கையாளரை இழப்பார்.

இத்தனை நாளில் இத்தனை வருமானம் என்று எழுதிக் கொடுத்து எவராவது பறவை விற்றால் விலகி நில்லுங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை நாம் மறக்கக் கூடாது.

கடைசியில் நடந்தது

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நேரே அந்த அம்மாவின் கடைக்குப் போனேன். விட்டுப்போன சரக்கோடு, புண்ணாக்கும் கிளிஞ்சல் தூளும் கொண்டுபோனேன். “பேசியது தப்பும்மா” என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, மோர் கொடுத்தார். மீதியிருந்த பதினெட்டில் எட்டு சேவல். ஒன்றை முருகனுக்கு நேர்ந்துகொண்டு ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் கொண்டுபோனார். மற்றவற்றை விற்று, பாக்கியில் ஒரு பங்கைக் கட்டினார். பத்துப் பெட்டைதான் நின்றது.

ஆடிக் கடைசியில் ஒரு காலை, கடை திறக்கும் நேரத்தில் வந்தார். முந்தானையிலிருந்து ஆறு சின்ன முட்டைகளை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்து, “எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா” என்றார். கல்லாவில் இருந்த நான் எழுந்து நின்று பேரேட்டில் வரவு வைத்தேன். தைப் பொங்கலுக்கு முன் கணக்கு தீர்ந்தது. இன்றும் அவர் என் வாடிக்கையாளர்தான்.

கடனை விசாரித்துக் கொடுப்போம். கொடுத்த பின் கோழிக்கு உரிய நாளைக் கோழிக்குக் கொடுப்போம். நாலு பேர் முன்னால் கேட்டுக் கணக்கைத் தீர்த்தவர் யாரும் இல்லை.