நாரைக்கு ஊர் இருந்தது, வரையாட்டுக்குப் பாறைதான்

வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே வாங்கிவிட்டார்கள். பாசம் மட்டும் காரணமில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும். நத்தைகுத்தி நாரை அந்த ஊருக்கு விருந்தாளியும் உழவாளியும் ஆனது.

நீலகிரி உச்சியில் வரையாட்டுக்காக அப்படி மனுப்போட ஊர் இல்லை. சங்கப் பாடல்களில் வருடையாகத் துள்ளிய விலங்கு, 19ஆம் நூற்றாண்டில் துரைமார்களின் துப்பாக்கிக்கு இலக்கானது. 1877இல் அங்கே வேட்டை விலங்குச் சங்கம் தொடங்கியது; 1879இல் சட்டமும் வந்தது. சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டுமே என்ற கவலைதான் அதில் தூக்கலாகத் தெரிகிறது.

துப்பாக்கியைவிட மரம்தான் கூடுதலாகக் கெடுத்தது என்பேன். வரையாட்டுக்கு மேயப் புல்வெளி வேண்டும். புலியோ சிறுத்தையோ வந்தால் ஏறித் தப்ப, பக்கத்திலேயே செங்குத்துப் பாறை வேண்டும். புல்வெளியை வெற்றுநிலமாகக் கணக்கெழுதி, சீகை (வாட்டில்) மரத்தையும் தைலமரத்தையும் நட்டார்கள். சீகை தானாகவே பரவியது. அதன் நிழலில் புல் மடிந்தது. பாறை மட்டும் எஞ்சினால் ஆடு எதைத் தின்னும்?

இன்று வேடந்தாங்கல், பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ராம்சர் ஈரநிலம். 2022இல் அந்தத் தகுதி கிடைத்தது. தீபாவளிக்கு அங்கே இப்போதும் வெடிச் சத்தம் கேட்காது. ஆனால் நாரை இரை தேடுவது ஏரியில் மட்டுமல்ல, சுற்றியுள்ள வயல்களிலும் குளங்களிலும்தான். அங்கே தெளிக்கும் மருந்தையும் பொய்க்கும் மழையையும் ஒரு ஊரின் கட்டுப்பாட்டால் நிறுத்த முடியாது.

மலையிலோ, நெடுங்காலம் கழித்து ஆதரவு வந்திருக்கிறது. 1975இல் வரையாட்டைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த இ.ஆர்.சி. டேவிதாரை நினைவுகூர்ந்து, அக்டோபர் 7ஐ வரையாடு நாளாகத் தமிழக அரசு அறிவித்தது. 2023இல் வரையாடு திட்டம் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 ஆடுகள். அடுத்த ஆண்டு 1,303. மனம் குளிர்கிறது. ஆனாலும் கணக்கெடுப்பைவிட நான் எதிர்பார்ப்பது, சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலையைத்தான். விழுந்த சீகை விதைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து முளைக்கும். ஒருமுறை வெட்டிவிட்டுத் திரும்பினால் போதாது, நாற்றுகளைத் தொடர்ந்து பிடுங்க ஆள் வேண்டும்.