தனவந்தர் விருந்தும் ஏலமலையும்

அபுதாபியின் எமிரேட்ஸ் பாலஸ் ஓட்டலில் காப்பியின்மேல் 24 காரட் பொன்துகள் தூவித் தருகிறார்கள் என்பது உலகப் பிரசித்தம். பொன்னுக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை. அது கண்ணுக்கும் செல்வப் பெருமிதத்துக்கும் செய்யப்படும் உபசாரம். ஆனால் அதே அரபு நாடுகளில் வீடு தேடி வந்த அதிதிக்கு முதலில் நீட்டப்படும் கஹ்வா என்னும் காப்பிக்குப் பரிமளம் தருவது ஏலக்காய். குவாத்தமாலா நாட்டுச் சரக்கு அந்த அரபுச் சந்தையைப் பெருமளவு பிடித்துக்கொண்ட பின்னரும், போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலமலையில் விளையும் பச்சை ஏலக்காய்க்கு, நிறத்தாலும் பருமனாலும் தனி மதிப்பு இருந்து வருகிறது. பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் ஏலம் உண்டு. எனினும் இடுக்கியே இதன் தலைநிலம்.

குங்குமப்பூவுக்கும் வனிலாவுக்கும் அடுத்த விலையுயர்ந்த நறுமணப் பொருள் என்று ஏலக்காயைச் சொல்வார்கள். அந்த அருமை எங்கிருந்து வருகிறது என்பதைத் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். ஆளுயரத்துக்கும் மேல் வளரும் இச்செடியின் காய்கள், தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்க்கின்றன. பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒரே சரத்தில் ஒருங்கே இருப்பதால், பறிக்கும் ஸ்திரீ ஈர மண்ணில் குந்தியமர்ந்து, அட்டைக்கடியையும் பொருட்படுத்தாது, விதை கறுத்தும் தோல் பச்சையாகவே இருக்கும் பதத்துக் காயை மட்டும் விரலால் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை அடுத்த பறிப்புக்கு விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. பிறகு ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் மிதமான சூட்டில், பச்சை நிறம் வெளுக்காதபடி உலர்த்துகிறார்கள். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் சுருங்கி ஒரு கிலோவாகிறது. சலித்துப் பிரிக்கையில் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய்க்கே முதல் மரியாதை.

இந்தச் சரக்கு புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் ஏலத்துக்கு வருகிறது. 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தாலும் அடுத்து வந்த மழைக்குறைவாலும் விளைச்சல் சரிந்தபோது, 2019 ஆகஸ்டில் புத்தடியில் உயர்ந்தபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அன்றைய சராசரி விலை அதைவிட வெகுவாகக் குறைவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்குள் விலை ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது.

விடியற்காலையில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் தமிழ்ப் பெண்களுக்கு இந்த ஏற்றமும் இறக்கமும் நேராக வந்து சேர்வதில்லை. அவர்கள் பெறுவது நாட்கூலி. அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று: விளைச்சல் குன்றினால்தான் விலை இப்படி ஏறுகிறது, விளைச்சல் குன்றினாலோ பறிக்கும் நாட்களும் குன்றுகின்றன. ஊர் முழுதும் விலையேற்றத்தைக் கொண்டாடும் பருவத்தில் இவர்களுக்கு வேலை குறைகிறது. விலை உயரும் ஆண்டில் அந்த உயர்விலிருந்து ஒரு பங்கு, நாட்கூலிக்கு மேலாக, பறித்த கைகளுக்குச் சேர வேண்டும் என்று கேட்பதை நான் முற்றிலும் நியாயமென்றே கருதுகிறேன்.