உங்களுக்குத் தெரியுமா? திருடன் எறியும் கல் வழக்கையே மாற்றும்!

ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைத்துக் கோடி ரூபாய் நகையை அள்ளிச் சென்றாலும், சட்டப்படி அது கொள்ளை அல்ல. வீடு புகுந்து திருடிய குற்றம்தான். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கொள்ளையை வரையறுக்கும் 309-வது பிரிவு பொருளின் மதிப்பைக் கேட்பதில்லை. அடித்தானா, தடுத்து நிறுத்தினானா, அந்தக் கணமே உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று அஞ்சவைத்தானா என்றே கேட்கிறது.

திருடிய பையோடு ஓடுபவன், அதைக் காப்பாற்றிக்கொள்ளத் துரத்துபவர்மீது கல்லெறிந்தால் திருட்டு கொள்ளையாகிவிடும். பையைப் போட்டுவிட்டு, தப்பினால் போதுமென்று எறிந்தால் ஆகாது. கல்லடிக்குத் தனி வழக்கு.

சட்டமே தரும் உதாரணம் இன்னும் நுட்பமானது. சாலையில் ஒருவரின் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, ‘பர்ஸைக் கொடு, இல்லாவிட்டால் பள்ளத்தில் வீசுவேன்’ என்று பறித்தால் கொள்ளை. ‘குழந்தை எங்கள் கூட்டத்திடம் இருக்கிறது, பணம் அனுப்பு’ என்று சொல்லி வாங்கினால் மிரட்டிப் பறித்தல் மட்டுமே. பெற்றவர் வயிறு இரண்டிலும் ஒன்றுபோலத்தான் கலங்கும். சட்டமோ ஆபத்து உடனடியா என்று பார்க்கிறது.

இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 முதல் சங்கிலிப் பறிப்பும் தனிக்குற்றம். 3 ஆண்டுவரை சிறை.

கொள்ளையில் ஐவர் சேர்ந்தால் அது கூட்டுக்கொள்ளை. உடனிருந்து உதவியவரும் கணக்கில் உண்டு. அவர்களில் ஒருவன் அந்தக் கொள்ளையின்போது கொலை செய்தால், கத்தியைத் தொடாத மற்றவர்களுக்கும் மரண தண்டனைவரை விதிக்கலாம். கூட்டுக்கொள்ளைக்காக ஒன்றுகூடினாலே, எதையும் எடுக்காமலேயே, 7 ஆண்டுவரை கடுங்காவல்.