பொன் தேடிய மலையில் ஒளி கண்டோர்

பொருள் தேடிப் புறப்பட்டோர் தாம் கருதியதைப் பெறாது கருதாத பெருஞ்செல்வத்தைக் கண்டடைதல் உலக வரலாற்றிற் புதிதன்று. நம் மலைநாட்டிலும் அத்தகைய கதை ஒன்றுண்டு. அதன் நிலைக்களம் ஹற்றனுக்கு அணித்தாயுள்ள நோட்டன் பிரிட்ஜ் ஆகும்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலைச்சரிவுகளில் வீழ்ந்தோடி, பின்னர் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றின் பள்ளத்தாக்குகளிலே பொன் உளதோ என ஆராயும் பணியில், பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த டி. ஜே. விமலசுரேந்திரா ஈடுபட்டார். ஆற்று மணலைக் காணச் சென்றவரின் சிந்தையை அபர்டீன், லக்சபான அருவிகள் கவர்ந்தன. உயரத்தினின்று வீழும் நீரின் விசை சுழலியைச் சுற்றுமாயின் மின்சாரம் பிறக்கும். நிலக்கரிக்குப் பிறநாட்டை நம்பியிருக்க வேண்டுவதில்லை. அந்நீரே இந்நாட்டின் பொன் என அவர் தெளிந்தார்.

1912இல் பிளாக்பூலில் அமைந்த சிறு நீர்மின் நிலையம் நுவரெலியாவுக்கு ஒளி தந்தது. 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் தம் பெருந்திட்டத்தை அவர் கட்டுரையாகப் படித்தார். ஆயினும் ஆட்சியாளர் விரைந்து செவிசாய்த்திலர். 1931இல் அரசாங்க சபை உறுப்பினராகி அங்கும் வாதாடினார். நோட்டன் பிரிட்ஜில் அணையிட்டுத் தேக்கிய நீரால் லக்சபான நிலையம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியது 1950இலேதான். மூன்றாண்டுகளில், 1953இல், அவர் மறைந்தார். காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரால் 1965இல் இயங்கத் தொடங்கிய நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. அங்கு உழைத்து வெளியேறும் நீரே லக்சபானவிலும் மீண்டும் உழைக்கின்றது.

ஒருவர் பெயர் இவ்வாறு நிலைபெற்றது. ஆனால், அவர் நடந்த மலைக்கு வழி சமைத்தோர் யாவர்? திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களினின்று கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளரே அவர்கள். கோப்பிக்காகக் காடழித்தவர்கள் அவர்கள். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டவர்களும் அவர்களே. வழியிலும் மலையிலும் மாண்டோர் பலர். அவர்க்கு நடுகல்லும் இல்லை.

இதனினும் வருந்தத்தக்கது பிறிதொன்றுண்டு. லக்சபான ஒளிவிடுவதற்கு இரண்டாண்டு முன்னர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. மலைநீரிற் பிறந்த மின்சாரம் தலைநகர்க்குச் சென்றது. மலையிலுள்ள லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. குடியுரிமைக் குறை சட்டத்தால் முற்றும் நீங்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

வரலாறு என்பது பெயர் பொறித்த கல்லை மட்டும் படிப்பதன்று. தோட்டங்களுக்குத் தொழிலாளர் இட்டு வழங்கும் தமிழ்ப் பெயர்களும், மாரியம்மன் கோயில் திருவிழாக்களும், முதியோர் நினைவில் வாழும் வழிநடைக் கதைகளும் வரலாற்றுச் சான்றுகளேயாம். விடுமுறையில் ஊர் செல்லும் மலைநாட்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனார், பாட்டியாரிடம் அவற்றைக் கேட்டு எழுதி வைப்பாராக. அம்முதியோர் மறையின் அச்சான்றும் உடன் மறையும். ஆற்று மணலில் அகப்படாத பொன் அவர்தம் நினைவிலே உளது.