வேலையும் மனமும் – 9: தராசுக்கும் வெட்டுக்கட்டைக்கும் நடுவே

பணியிடத் தகராறுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேலையைப் பற்றியது, மற்றது ஆளைப் பற்றியது. அமெரிக்க ஆய்வாளர் கேரன் ஜென் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தது. முதல் வகை சில வேலைகளுக்கு நன்மைகூடச் செய்யும். இரண்டாவது மனத்தை அரிக்கும். முதலாவது இரண்டாவதாக மாற அதிக நேரம் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

டெல்லியில் தில்லி ஹாட்டுக்கு எதிரே, எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அருகே உள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட் இதைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். முருங்கைக்காய் முதல் வெளிநாட்டு சாஸ் வரை கிடைக்கும் நெருக்கமான சந்தை அது. அங்கே மீன் கடை வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் போதும். மீனை முழுதாக நிறுத்துத்தான் விலை போடுவார்கள். செதிலும் குடலும் தலையும் போனபின் எடை குறையும். எடை போடுபவர் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வாடிக்கையாளரின் கோபம் மீன் வெட்டுபவர் மேல் விழும். அவர் எடை போட்டவரிடம் எகிறுவார். கூட்டம் கலைந்துவிடுமே என்று கல்லாவில் இருப்பவர் வெட்டுபவரையே எல்லோர் எதிரிலும் அதட்டுவார். அதற்குள் பேச்சு எடையை விட்டு 'உங்க ஊர் ஆளுங்களே இப்படித்தான்' என்பதற்குப் போயிருக்கும். பல மாநிலத்தார் சேர்ந்து உழைக்கும் சந்தையில் எடைக் கணக்கு அன்றே மறந்துபோகும், இந்தச் சொல் மறக்காது. கடை ஆட்கள் ஒரே அறையில் தங்குபவர்கள் என்றால் தகராறும் கூடவே அறைக்குப் போகும்.

வேலைப்பளு மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறையும்போதுதான் மன அழுத்தம் கூடுகிறது என்று ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதினார். மீன் வெட்டுபவரின் நிலை அதுவேதான். வேகத்தைக் கூட்டம் தீர்மானிக்கிறது, விலையைக் கல்லா தீர்மானிக்கிறது. அவருக்குப் பொறுமையை உபதேசிப்பதில் பயனில்லை. எடையையும் துண்டின் அளவையும் எழுதிய சீட்டு, யார் மீனை முதலில் வெட்டுவது என்பதில் அவருக்கே உரிமை, சம்பளத்துக்கும் அட்வான்சுக்கும் முதலாளியும் வேலையாளும் பார்க்கக்கூடிய கணக்கு நோட்டு: பாதித் தகராறுகள் இவற்றிலேயே அடங்கும். ஓய்வும் அப்படித்தான். 1954-ஆம் ஆண்டின் டெல்லி கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தரவும் சொன்னது.

இவற்றையும் மீறி மூண்ட தகராறைக் கூட்ட நேரத்தில் பேசித் தீர்க்க முடியாது. கடை திறக்கும் முன்போ அடைத்த பின்போ இருவரையும் தனித்தனியே கேட்டுவிட்டுப் பிறகு சேர்த்து உட்கார வைப்பதே முறை. நடுவர் முதலாளியின் உறவினராக இருந்தால் பேச்சு எடுபடாது. இரு தரப்பும் மதிக்கும் பக்கத்துக் கடை மூத்தவர் மேல். பலர் முன் திட்டிவிட்டுத் தனியே தோளைத் தட்டிச் சமாதானம் சொல்வது கணக்கில் சேராது. பலர் முன்னிலையில் நேர்ந்த அவமானத்தைப் பலர் முன்னிலையில்தான் நீக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தகராறு என்று சமரசம் பேசிவிடவும் கூடாது. பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தனி வழி வகுத்திருக்கிறது. 10 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் கடையில் பாதிக்கப்பட்ட பெண், மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தரலாம். அவரே கேட்டால் ஒழியச் சமரசம் பேசக் கூடாது. பணம் கொடுத்து முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

தகராறு ஓய்ந்த பிறகும் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, புதிதாகத் தொற்றிய குடி ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது நடுவர் தீர்க்கும் விஷயமல்ல. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.