தேடுபொறி காட்டாத பகுதி எண்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கொழுப்பைக் குறைக்க மருத்துவர் எழுதித் தந்த சிம்வாஸ்டாட்டின் மாத்திரையை அவரிடம் சொல்லாமலேயே நிறுத்திவிட்டேன். ஒரு நாள் இரவு கெண்டைக்கால் வலித்தது. கைப்பேசியில் மாத்திரையின் பெயரோடு 'தசை வலி' என்று சேர்த்துத் தேடினேன். தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழப்பது வரை ஒரு மணி நேரத்தில் வாசித்துவிட்டேன். மூன்று மாதங்களுக்குப் பிறகு செய்த இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு 92-லிருந்து 158 ஆக ஏறியிருந்தது. பொருளியல் மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் புள்ளியியலும் நடத்தியவன் நான் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வாசித்ததில் பொய் இல்லை. அந்தத் தசைச் சிதைவு மருத்துவ நூல்களில் உள்ளதுதான். ஆனால், அது பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்வது. என்னவெல்லாம் நேரக்கூடும் என்று தேடுபொறி வரிசைப்படுத்துகிறது. எத்தனை பேரில் ஒருவருக்கு என்பது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. பின்னத்தின் தொகுதியைக் காட்டிப் பகுதியை மறைத்துவிட்டால் நூற்றில் ஒன்றும் லட்சத்தில் ஒன்றும் ஒன்றுபோலவே தோன்றும். சாதாரணத் தலைவலியைத் தேடப் புகுந்தவர் மூளைக் கட்டியில் போய் நிற்பது இப்படித்தான்.

அச்சம் மனத்தோடு நிற்பதுமில்லை. பக்கவிளைவு தாளாமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரைக் கொண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி 2020-இல் வெளியிட்டனர். ஓராண்டில் நான்கு மாதங்கள் உண்மையான மாத்திரை, நான்கு மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரை, நான்கு மாதங்கள் எதுவும் இல்லை. முதல் இரண்டில் எது எது என்பது உண்டவர்களுக்குத் தெரியாது. மாத்திரையால் உண்டான தொல்லைகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் தோன்றியது. வலி பொய்யன்று, அதை உண்டாக்கியது மருந்தைக் காட்டிலும் எதிர்பார்ப்பு.

அதற்காக இணையத்தைத் தள்ளிவைக்கச் சொல்பவனல்லன் நான். மருத்துவம் ஏனைய சரக்குகளைப் போன்றதன்று, வாங்குபவருக்குத் தாம் வாங்குவதன் தரம் தெரியாது என்று பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதினார். அந்த இடைவெளியைச் சில இடங்களில் இணையம் உண்மையாகவே குறுக்கியிருக்கிறது. மருந்து தடவிய இதய ஸ்டென்ட் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கப்பட்டுவந்த காலத்தில், 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அறுவை அரங்கின் வாசலில் கையெழுத்துக் கேட்கப்படும்போது நடைமுறையிலுள்ள உச்சவரம்பைக் கைப்பேசியிலேயே சரிபார்க்க முடிவது சிறிய ஆற்றலன்று. மருந்தின் மூலப்பெயரைத் தெரிந்துகொண்டு மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்கு வாங்குவதும் அப்படியே. இவற்றில் கிடைக்கும் விடையை நாமே சரிபார்க்கலாம். என் கெண்டைக்கால் வலிக்குக் காரணம் எது என்பதை என்னால் சரிபார்க்க முடியாது.

மருத்துவர்கள் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'கூகுளில் படித்தீர்களா?' என்ற ஏளனத்தை ஒருமுறை கேட்ட நோயாளி மறுமுறை வாய் திறக்கமாட்டார். தேடுவதை மட்டும் நிறுத்தமாட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் சந்திப்பில் கேட்க முடியாத கேள்விகள்தாம் இரவில் கைப்பேசிக்குப் போகின்றன.

நல்ல வேளையாக என் மருத்துவர் ஏளனம் செய்யவில்லை. தசைப் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். முடிவு இயல்பாகவே இருந்தது. மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்கு நாள்தோறும் இரண்டு மாடி தண்ணீர் சுமந்ததைப் பற்றி அவர் கேட்ட பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. மாத்திரையை மீண்டும் தொடங்கினேன்.

இப்போதும் தேடுகிறேன். படித்ததைக் கேள்விகளாக அரைப் பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்கிறேன். சென்ற முறை கொண்டுபோன மூன்றில் இரண்டை அவர் சிரித்தபடி அடித்துவிட்டார். மூன்றாவது, இரத்த அழுத்தத்துக்காக வேறொரு மருத்துவர் புதிதாகச் சேர்த்திருந்த ஆம்லோடிபின் என் பழைய மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்பது. அதைப் படித்தவர் சற்று நிதானித்து, 40 மில்லிகிராமை 20 ஆகக் குறைத்து எழுதித் தந்தார்.